மரங்களை வரைபடத்தில் ஏற்றுகிறேன்: மூன்றாவது வாரம்

காலை நடையில் எதிர்ப்படும் மரங்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். இதுவரை 64 மரங்கள். நடந்த நேரத்தைவிடக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம்.

நடந்த தடத்தைப் பதிவதில் சிரமமே இல்லை. கைப்பேசிச் செயலி அதை ஜிபிஎக்ஸ் என்ற தடக் கோப்பாகத் தருகிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இழுத்துப் போட்டதும் கோடு வந்துவிட்டது. உயரமான கட்டடங்களுக்குப் பக்கத்தில் மட்டும் அது கொஞ்சம் தள்ளாடுகிறது, போகட்டும்.

மரங்களை நானே கையால் ஜியோஜேசானில், அதாவது இடங்களை எழுத்தாகப் பதியும் கோப்பு வடிவத்தில், எழுதினேன். திறந்து பார்த்தால் நான் நடந்தது ஓரிடம், மரங்கள் வேறு கண்டத்தில். அட்சரேகையை முதலில் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். ஜியோஜேசானில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். ஜிபிஎக்ஸில் எது எந்த எண் என்று பெயர் போட்டே எழுதுவதால் இந்தக் குழப்பம் வராது. இடம் மாற்றிப் போட்ட பிறகும் ஒரே ஒரு மரம் மட்டும் ஆப்பிரிக்காவை ஒட்டி, கினி வளைகுடாவில் நின்றது. அப்புறம் நிரப்பலாம் என்று 0, 0 போட்டு விட்டிருந்தேன்!

அடுத்தது நீளம். தடம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டால் 0.021 என்றது. யோசித்துப் பார்த்தால், அது டிகிரி. ஒரு டிகிரி அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர். மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு லேயரை மாற்றியதும் 2.3 கிலோமீட்டர் என்று ஒழுங்காக வந்தது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையும் மீட்டரில்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி அளக்கக் கூடாது. 60 டிகிரி அட்சரேகையில் அது தூரத்தை இரண்டு மடங்காகக் காட்டும்.

இரண்டு நாளைத் தின்றது ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவம்தான். நண்பர் அந்த வடிவத்தில் கேட்டார். அனுப்பினேன், திறக்கவில்லை என்றார். நான் எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பியிருந்தேன். கூடவே எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப் இரண்டும் போக வேண்டுமாம். சரி, மூன்றையும் அனுப்பினேன். இப்போது மரப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி என்ற குட்டிக் கோப்பு விட்டுப் போயிருந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 'மரத்தின்_பெயர்' என்று நான் வைத்த நெடுவரிசைத் தலைப்பு 'மரத' என்று நின்றது. 'மரத்தின்_உயரம்' அரைகுறை எழுத்தும் ஓர் எண்ணுமாகக் கிடந்தது. பெயர், உயரம் போன்ற விவரங்கள் இருக்கும் டிபிஎஃப்பில் தலைப்புக்கு 10 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்குத் தலா 3 பைட்டு, புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனித்தனியாக 3. ஆக, ம, ர, த மூன்றோடு இடம் தீர்ந்தது. 'த்'தின் புள்ளிகூட உள்ளே நுழையவில்லை. ஆங்கிலத்தில் தலைப்பு வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு சீக்கிரம் வராது, அதுதான் எரிச்சல்.

கடைசியில் எல்லாவற்றையும் ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு கோப்பு வடிவத்துக்கு மாற்றினேன். உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம்தான். தடம், மரங்கள் இரண்டும் ஒரே கோப்பில் அடங்கின. தமிழ்த் தலைப்புகளும் முழுசாக நின்றன. நண்பரும் திறந்து பார்த்துவிட்டார். ஏழு மரங்களுக்குப் பெயர் தப்பு என்கிறார். நாளைக்குக் காலை திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.