கான் சிங்குக்கு எத்தனை முகம்?

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்களிடையே ஓயாத சண்டை இது: வில்லன் கானுக்கு, விண்கப்பலில் வேலை பார்க்கும் செக்கோவை எப்படித் தெரியும்? கான் வந்த அத்தியாயம் 1967 பிப்ரவரியில், முதல் சீசனில். செக்கோவ் தொடருக்குள் நுழைந்ததே இரண்டாம் சீசனில்தான். ஆனால் 1982 படத்தில் கான் அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறான்! முதல் சீசனிலேயே செக்கோவ் கப்பலில் எங்கோ, நம் கண்ணில் படாமல் வேலை பார்த்திருப்பான் என்று சமாளிக்கிறார்கள். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் சொல்லும் வேடிக்கைக் கதை இன்னும் மேல்: செக்கோவ் கழிவறைக்கு வெளியே கானைக் காக்கவைத்தானாம், கானுக்கு அந்தக் கோபமாம்.

எனக்கு உறுத்துவது வேறு. வட இந்தியர், அநேகமாகச் சீக்கியர் என்று தொடரே சொன்ன கான் நூனியன் சிங்காக நடித்தவர் மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொண்டல்பான். சரி, அந்தக் காலம். மனிதரும் அசத்திவிட்டார். 2013 படத்தில் அதே கானாக வெள்ளைக்கார பிரிட்டிஷ் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்சா? அப்புறம் காமிக்ஸில், அறுவை சிகிச்சை செய்து முகத்தையே மாற்றிவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் வேறு. போங்கப்பா!