கசோர்லாவின் கணுக்கால்

ஸ்பெயின் கால்பந்து வீரர் சாந்தி கசோர்லா கார்னரை எந்தக் காலால் உதைப்பார் என்று எதிரணியால் ஊகிக்கவே முடியாது. இரண்டு காலும் அவருக்கு ஒன்றுதான். 2008, 2012 யூரோ கோப்பைகளை வென்ற ஸ்பெயின் அணிகளில் இருந்தவர்.

2016 அக்டோபரில் பல்கேரிய அணியான லுடோகோரெட்ஸுக்கு எதிராக ஆடியதோடு இங்கிலாந்தின் ஆர்சனல் அணியில் அவர் ஆட்டம் முடிந்தது. கணுக்கால் காயத்துக்குச் செய்த அறுவைசிகிச்சைப் புண்ணில் பாக்டீரியா புகுந்து, குதிகால் தசைநாரில் சுமார் 8 செ.மீ. அளவை அரித்துவிட்டது. அந்தத் தசைநார் இல்லாமல் பாதத்தை ஊன்றி எம்பவோ ஓடவோ முடியாது. புண்ணை மூட முன்கைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அதில் பச்சை குத்தியிருந்த மகளின் பெயரில் பாதி இப்போது கணுக்காலில்!

2018-ல் ஸ்பெயினின் வில்லாரியல் அணிக்குத் திரும்பினார், 2019-ல் ஸ்பெயின் தேசிய அணிக்கும். நான் அதிகம் மதிப்பது அதற்குப் பிந்தையதைத்தான்: 2023-ல், சிறுவயதில் பயின்ற ஒவியேடோ அணிக்கே போனார்; அது அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது. ஸ்பெயினின் முதல் பிரிவான லா லிகாவுக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் 2025 பிளேஆஃப் இறுதியில், மிராண்டேஸ் அணியிடம் முதல் ஆட்டத்தில் 0-1 எனத் தோற்ற அணிக்கு, இரண்டாவதில் பெனால்டியை வலைக்குள் அடித்தார். வயது 40. 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒவியேடோ லா லிகாவுக்கு ஏறியது.