நாய்க்குப் பொடுகு, கொஞ்சம் கேளுங்க
பாம்பன், மண்டபம் பக்கம் நாய் வளக்குற மக்களுக்குத்தான் இது. நாய் கடல்ல இறங்கி ஆட்டம் போட்டுட்டு வரும், நாமளும் அப்படியே படுக்க விட்டுருவோம், அந்த உப்பு தோல்லயே காஞ்சு வறட்சியைக் கூட்டி முதுகெல்லாம் வெள்ளை வெள்ளையா உதிரும். வந்ததும் நல்ல தண்ணியில அலசி விடுங்க. (நம்மூர்ல நல்ல தண்ணிக்கு உள்ள பாடு தெரியும்... ஒரு வாளியாவது!)

நம்ம தலைக்குப் போடுற பொடுகு ஷாம்பூ வேணவே வேணாம். நம்ம தோலோட பிஹெச், அதாவது அமிலத்தன்மை அளவு, 5.5 கிட்ட, நாய்க்கு 7 பக்கம், ஒத்துக்காது. நாய்க்குன்னே ஓட்ஸ் ஷாம்பூ இருக்கு, பத்து நிமிஷம் ஊற விட்டு அலசுங்க, அதையும் தினம் போட்டா இருக்குற எண்ணெய்ப்பசையும் போயிரும்.

சூடை மீன் இருக்கே, அதுல ஒமேகா 3 நிறைய. உப்பு உறைப்பு இல்லாம அவிச்சு முள்ளெடுத்து சோத்தோட பிசைஞ்சு வைங்க, பச்சையா வேணாம், கருவாடும் வேணாம். பலன் தெரிய ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், பொறுமை வேணும்.

பொடுகு தானா நகர்ற மாதிரி தெரிஞ்சா அது செய்லெட்டியெல்லாங்குற பொடிசான உண்ணி, நமக்கும் அரிக்கும். முடி கொட்டுறது, நாத்தம், புண்ணு இதெல்லாம் இருந்தாலும் சரி, நேரா கால்நடை டாக்டர்ட்ட போயிருங்க. படகு எஞ்சின் கழிவு ஆயில எடுத்துத் தடவுறாங்களே சில பேரு, தயவு செஞ்சு அத விட்ருங்கப்பா, நாய் நக்கி நக்கி அத்தனையும் வயித்துக்குள்ளதான் போகுது.