கண்ணாடி எப்போது உருகும்?

ஜூலை 6, ஞாயிறு. மாயவரம்
தையற்கடை மாடியில் கட்சியின் இயங்கியல் வகுப்பு; எல்லாம் முரண்பட்டு மாறிக்கொண்டே இருக்கும் என்கிற மார்க்சியத் தத்துவம். வழக்கம்போலத் தண்ணீர்தான்: சூடு ஏற ஏற ஒன்றும் தெரியாது, 100 டிகிரி வந்ததும் கொதித்து ஆவியாகும், அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும். இருபது வருடமாக நானும் இதைத்தான் சொல்லிவருகிறேன்.

பாலிடெக்னிக் படிக்கிற பையன் எழுந்தான். "தோழர், கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாத்தானே இளகுது? இந்த டிகிரின்னு ஒண்ணு கிடையாதே?"

வகுப்பெடுத்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நிதானமாக, இரண்டு பக்கமும். "இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பையன் உட்கார்ந்துவிட்டான்.

ஜூலை 8
அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் வேதமாக வைத்திருக்கும் 'இயற்கையின் இயங்கியல்' நூல், மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் முடிக்காமல் விட்டுப்போன குறிப்புகள். அவர் இறந்தது 1895-ல். அது மாஸ்கோவில் அச்சேறியது 1925-ல். எழுதியவரே முடிக்காததை நாங்கள் முற்றுப்புள்ளி வைத்து மனப்பாடம் செய்திருக்கிறோம்.

கும்பகோணம் பஸ்ஸில் வரும்போது இரு பக்கமும் குறுவை நடவு. நாற்றுக்கட்டுகளைப் பார்த்ததும் சோவியத் மரபியல் அறிஞர் வவிலோவ் ஞாபகம். உலகமெல்லாம் அலைந்து விதை சேர்த்த மனிதர், 1943-ல் சரத்தோவ் சிறையில் செத்தார். 1948 ஆகஸ்டில், மரபியலை மறுத்த லைசென்கோ சோவியத் வேளாண் அகாதமி மேடையில், தன் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு அங்கீகரித்துவிட்டது என்று அறிவித்தார். அதன்பிறகு மரபணுவைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்? தோட்டத்தில் பயிர் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

ஜூலை 9
நம்மூர் மட்டும் என்ன வாழ்ந்தது. பக்கத்துத் திருவாவடுதுறை மடத்துச் சிவஞான முனிவர், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் வரும் 'எடுத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்காகச் சண்டைபிடித்து ஒரு நூலே எழுதினார். பெயர்: 'எடுத்தென்னும் சொல்லுக்கிட்ட வைரக்குப்பாயம்'. ஒரு சொல்லுக்கு வைரச் சட்டை! முதலில் சிரித்தேன். அப்புறம் பொறாமையாக இருந்தது. சண்டை சொல்லைப் பற்றியாவது நடந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு
பையன் வரவில்லை. அவன் கேள்வியை நானே கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. இத்தனை வயசில் இதற்கெல்லாமா!

பெரியவர் மறுபடியும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களையும் வந்து பாத்தானா, தோழர்?"