கியோன் சாமிக்கு ஏழு இரவு மௌனம்

ஜப்பானின் கியோத்தோவில், கியோன் திருவிழாவில், ஜூலை 17 காலை தேர் ஊர்வலம் முடிந்ததும் பாதிக் கூட்டம் ரயிலேறிவிடும். ஐயோ, சாமி புறப்படுவதே அன்று மாலைதானே! ஓர் ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் கட்டிய அந்த 23 தேர்களும் தெருவிலுள்ள தீட்டைத் துடைத்துக்கொண்டு முன்னால் போகிறவை. யாசகா கோயில் சாமி மாலை 6 மணி வாக்கில் மிகோஷிப் பல்லக்கில் எழுந்தருள்கிறார்.

பல்லக்கு மூன்று. அறுகோணக் கூரையுள்ளதில் நம் சாமி சுசனோவோ, சதுரக் கூரையில் தேவி குஷினாதாஹிமே, எண்கோணத்தில் எட்டுப் பிள்ளைகள். தூக்குகிறவர்கள் "ஹோய்த்தோ, ஹோய்த்தோ" என்று குரல் கொடுத்து மேலே உயர்த்தும்போது உலோகத் தொங்கல்கள் எல்லாம் ஒன்றாகச் சலசலக்கும்.

869இல் கொள்ளைநோய் ஊரை வாரியபோது, நாட்டின் 66 மாகாணங்களுக்கு 66 ஈட்டி நட்டு இந்தச் சாமியிடம் முறையிட்டதுதான் தொடக்கம். பழைய நாளில் அவருக்குக் கோசு தென்னோ, அதாவது மாட்டுத்தலைத் தேவன் என்று பெயர். புத்தர் தங்கிய ஜேதவனத்தின் காவல் தெய்வமாகக் கும்பிட்டார்கள். ஜேதவனத்துக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர்தான் கியோன்.

ஷிஜோ தெருவில் ஒதாபிஷோ என்ற மண்டபத்தில் 24 மாலைவரை சாமி தங்குகிறார். வேண்டுதல் வைப்பது அங்கே. ஷிஜோ பாலத்திலிருந்து மண்டபம்வரை, ஏழு இரவு, போகவர ஒரு வார்த்தை பேசக்கூடாது. மண்டபத்தின் முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டுதலை மனத்துக்குள் சொல்லி, மீண்டும் ஒரு முறை குனிய வேண்டும்.

பலருக்குத் தவறுவது முதல் இரவில். 17 அன்று பல்லக்குகள் மண்டபம் சேர இரவு 9 மணிக்கு மேல் ஆகும். அலுத்துப்போய் அறைக்குத் திரும்பி 18இல் தொடங்கினால் 23வரை ஆறு இரவுதான் தேறும். அடுத்த ஆபத்து, வழி கேட்கிற சுற்றுலாக்காரர். தலையசைத்துக் கையைக் காட்டுங்கள். "இதோ அங்கே" என்று வாய் தவறினாலும் வேண்டுதல் கலைந்தது. கைப்பேசியைத் தங்குமிடத்திலேயே வைத்துவிடுவது உத்தமம்.

ஊர்வலத்துக்கு முன்பே, 14 முதல் 16வரை மாலைகளில் தேரடியில் ச்சிமாக்கி என்ற காப்பு கிடைக்கும். மூங்கிற்புல் இலைக்கட்டு, பிரித்துச் சாப்பிடாதீர்கள், உள்ளே ஒன்றும் இல்லை. வழிப்போக்கராய் வந்த சாமிக்குத் தினைச்சோறு போட்ட ஏழை சோமின் ஷோராயின் வம்சம் நாங்கள் என்று அதன் சீட்டில் எழுதியிருக்கும். ஓராண்டு வாசலில் கட்டிவைத்தால் நோய் அண்டாது. மாலையில் நெரிசல் தாங்காது, பல தெருக்கள் ஒருவழியாகிவிடும், நல்ல தேர்களின் கட்டு சீக்கிரமே தீர்ந்துபோகும். அள்ளிக்கொண்டுபோய் இணையத்தில் பல மடங்கு விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சாமி காரியத்தில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனம் வருகிறதோ!

24 நள்ளிரவு நெருங்க, பல்லக்குகள் கோயில் திரும்பியதும் விளக்குகளை எல்லாம் அணைப்பார்கள். அத்தனை நேரம் ஆர்ப்பரித்த கூட்டத்தில் ஒரு இருமல்கூட இராது. கும்மிருட்டில் சாமி பல்லக்கிலிருந்து கருவறைக்குப் போகிறார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைகள் தானாகக் குவியும். ஊரைக் காத்தாயே அப்பா, இந்த வருஷமும் வந்தாயே!