பார்டர்தானே, தாண்டலையே

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையில் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வந்து பெரியம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் விரலையும் பிடித்துக் குத்திவிட்டார். வெறும் வயிற்றில் சுகர் 118. "பார்டர்ல இருக்கு மாமா, ஒருதடவ ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாத்துருங்க" என்றார். "பார்டர்தானே, தாண்டலையே" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா டீ டம்ளரை வாங்கினார். சர்க்கரை மூன்று ஸ்பூன்.

126-ஐத் தொட்டால் சுகர் என்று கணக்கு. இருப்பது எட்டுப் புள்ளி.

ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உதவியோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2008-லிருந்து 2020 வரை நாடு முழுக்க 20 வயது தாண்டிய 1.13 லட்சம் பேரைப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. சுகர் நகரத்தில் 16.4 சதவீதம், கிராமத்தில் 8.9. சரி, கிராமம் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனால், பார்டரில் இருப்பவர்கள் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2. கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. அதாவது கிராமத்தில் சுகர்காரர்களைவிட வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம், அதுவும் நிற்கிறோம் என்றே தெரியாமல், ஏனென்றால் பார்டருக்குப் பெரும்பாலும் தாகமும் கிடையாது, கால் எரிச்சலும் கிடையாது.

வயலில் வேலை செய்கிற உடம்புக்கு சுகர் வராது என்று எங்கள் ஊரில் இன்னமும் சொல்வார்கள். எந்த வேலை? நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், பெரியப்பா டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய் வரப்பில் நின்று பார்த்துவிட்டு அதிலேயே திரும்பி வருகிறார். ஆனால் தட்டில் சோறு மட்டும் ஏர் ஓட்டின காலத்து அளவிலேயே குவிகிறது. காலையில் இட்லி, ராத்திரி தோசை, அதுவும் அரிசிதான். சோற்றைக் குறைத்து நடந்தால் பார்டரிலிருந்து பலர் திரும்பி வந்துவிடலாம், மாத்திரைகூட வேண்டியிருக்காது, அதனால்தான் எனக்கு இந்த அலட்சியத்தைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. நடங்களேன் என்றால், "வேலவெட்டி இல்லாதவன் மாதிரி ரோட்டுல நடக்கச் சொல்றியா?" என்கிறார். ஊரில் நடைப்பயிற்சி என்பது ரிட்டையர்டு வாத்தியார் சமாச்சாரம்.

ரத்தம் கொடுத்தீங்களா என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறேன். "களத்துல நெல்லு கெடக்குப்பா, போட்டுட்டுப் போறேன்" என்கிறார். நெல்லைப் போட்டுப் பணமும் வந்து இரண்டு மாசம் ஆகிறது என்று பெரியம்மா பின்னாலிருந்து கத்துவது எனக்குக் கேட்கிறது.