லாக் சர்வரைப் பார்த்துக்கொண்டவன்

இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் பிரிவில் இருந்தபோது என் தலையில் விழுந்த வேலைகளிலேயே சலிப்பானது லாக் சர்வர், அதாவது வாடிக்கையாளர்களின் இணைப்புப் பதிவுகள் சேரும் கணினி. ரவுட்டர் நின்றால் ஊரே போன் செய்யும். லாக் சர்வர் நின்றால் யாருக்கும் தெரியாது. என்றாவது காவல்துறையிடமிருந்து ஒரு கடிதம் வரும், அன்றைக்குத்தான் தெரியும்.

நாம் பார்க்கிற எல்லாவற்றையும் இணைய நிறுவனம் சேமித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எங்களிடம் இருந்தது வேறு: எந்த ஐபி முகவரி (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எந்த வாடிக்கையாளருக்கு எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது இணைந்தார், எப்போது விலகினார், எவ்வளவு டேட்டா போனது. பெரும்பாலான தளங்கள் இன்று மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் எந்தத் தளம் என்பதை டிஎன்எஸ் கேள்விகளை (தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி முகவரியைக் கேட்பவை) வைத்தே பல சமயம் கண்டுபிடித்துவிடலாம். "உள்ளடக்கம்தான் இல்லையே, அப்புறம் என்ன அந்தரங்கம்?" என்று மேலாளர் ஒருவர் அடிக்கடி கேட்பார். ஒருவர் நடுராத்திரியில் கடன் ஆலோசனைத் தளத்தையும் புற்றுநோய் மருத்துவமனைத் தளத்தையும் மாறி மாறித் திறக்கிறார் என்றால், பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று தனியாகப் பார்க்கவா வேண்டும்?

ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்காரரான மால்ட்டே ஷ்பிட்ஸ், தன் தொலைபேசி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, தன்னைப் பற்றிய ஆறு மாதப் பதிவுகளை வாங்கி 2011இல் வெளியிட்டார். 35,000க்கும் மேற்பட்ட வரிகள். பேசியது ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனாலும் அவர் எந்த ஊரில் இருந்தார், எப்போது ரயிலில் போனார் என்பதையெல்லாம் வரைபடத்தில் ஓடவிட்டுப் பார்க்க முடிந்தது. அந்த மேலாளரிடம் இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆஸ்திரேலியா 2015இல் கொண்டுவந்த சட்டம் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது, ஆனால் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார் என்ற விவரத்தைக் கட்டாயமாக்கவில்லை. பிரிட்டனின் 2016 சட்டப்படி அதையும் 12 மாதங்கள் வரை வைக்கச் சொல்லி உத்தரவிடலாம். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் வெளியிட்ட ஆணை, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொன்னது. அமெரிக்காவில் எல்லோருடையதையும் சேமி என்ற பொதுக் கட்டாயம் இல்லை; அரசுத் தரப்பு கேட்டால், இருக்கிற பதிவை அழிக்காமல் 90 நாட்கள் பாதுகாக்க வேண்டும், அதை இன்னொரு 90 நாட்களுக்கு நீட்டிக்கலாம்.

கடிதங்களுக்கு வருகிறேன். ஒரு ஐபி முகவரி, ஒரு தேதி, 'இரவு சுமார் 8 மணி' என்று இருக்கும். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் பற்றாக்குறையால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஆளைப் பிரித்தறிய போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் ஒவ்வொரு இணைப்பையும் தனியாகக் காட்டும் எண்) நொடி வரை சரியான நேரமும் வேண்டும். சர்வர்கள் போர்ட் எண்ணையும் பதிந்துவைக்க வேண்டும் என்று 2011லேயே இணையத் தரநிலைக் குழு ஆர்எஃப்சி 6302 என்ற ஆவணத்தில் பரிந்துரைத்துவிட்டது. அதைச் செய்யாத தளங்கள் இன்னும் இருக்கின்றன. நேரம் யூடிசியா (உலகப் பொது நேரம்) உள்ளூர் நேரமா என்றும் பல கடிதங்களில் இருக்காது. அப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் அனுப்பினால், சம்பந்தமே இல்லாத நூறு பேரின் பெயரும் முகவரியும் வழக்குக் கோப்பில் ஏறிவிடும். எங்கள் சட்டப் பிரிவு அம்மா ஒருவர் இதில் கறார். "போர்ட் நம்பர் இல்லையா, திருப்பி அனுப்பிடுங்க சார். அவங்க கேட்டு வாங்கிட்டு வரட்டும்" என்பார். விசாரிப்பவர்களைக் குறை சொல்லவில்லை. பண மோசடி, காணாமல் போன குழந்தை என்று நியாயமான அவசரங்களும் வரும். அவசரத்தில்தான் தப்பான ஆள் மாட்டுவார் என்பதே என் கவலை.

இதைவிடச் சிக்கலானது அழிப்பது. தொலைத்தொடர்புப் பதிவுகளைச் சேமிக்கச் சொன்ன ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஆணையை அதன் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் செல்லாது என்றபோது சொன்ன குறைகளில் ஒன்று, காலம் முடிந்ததும் தரவு மீட்க முடியாதபடி அழிக்கப்படும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை என்பது. தீர்ப்பெழுதியவர்கள் ஒரு லாக் சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று தோன்றியது. சர்வரில் அழிப்பது ஒரு ஸ்கிரிப்ட் வேலை. பேக்கப்பில் ஒரு நகல், சோதனைக் கூடத்தில் ஒன்று, எப்போதோ யாரோ எக்செல்லில் இறக்கிக்கொண்டது ஒன்று. அப்புறம் மார்க்கெட்டிங் பிரிவு வரும்: "சும்மாதானே கிடக்கு, யார் வேற கம்பெனிக்குப் போவாங்கன்னு கணிக்கலாமே." சட்டத்துக்காகச் சேர்த்ததை வியாபாரத்துக்குத் தரக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியிருந்தது. எல்லாச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை.

வழக்கு நடக்கும்போது அதற்குரிய பதிவுகளை, காலம் முடிந்தாலும், அழிக்கக் கூடாது. ஆனால் வழக்கு முடிந்ததை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. அதனால் நாங்களே அவ்வப்போது பட்டியல் போட்டுச் சட்டப் பிரிவிடம் கேட்கத் தொடங்கினோம். முதல் பட்டியலிலேயே பாதிக்கு மேல் எப்போதோ முடிந்துபோன வழக்குகள்.